வாசிக்கத் தெரியாத கித்தார்க்காரர்

மின்கித்தார் என்று சொன்னவுடன் நம் கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கும். மேலே இரண்டு கொம்புகள், வளைந்த இடை, நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, அதில் மூன்று பிக்-அப்புகள். திருமண மண்டபத்தில், கோயில் திருவிழா மேடையில், பல்கலைக்கழகக் கலையிரவில் என்று எங்கும் நாம் பார்த்த உருவம்தான். அந்த உருவத்தை உலகுக்குத் தந்தவர் லியோ ஃபெண்டர். வியப்பு என்னவென்றால், அவர் கடைசிவரை கித்தார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை! சிறுவயதில் பியானோ கற்றார், பிறகு சாக்சஃபோன் ஊதிப் பார்த்தார், அத்தோடு சரி. அவருடைய கையில் எப்போதும் இருந்தவை திருப்புளியும் ஈயம் பற்றவைக்கும் கோலும்தான்.

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆனஹைம், ஃபுலர்ட்டன் என்னும் இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் பிறந்தார். வீடு கட்டி முடியாத காரணத்தால் அவர் பிறந்ததே தோட்டத்துக் களஞ்சியக் கொட்டகையில். பெற்றோர் ஆரஞ்சு பயிரிட்டவர்கள். அவர்கள் நிலச் சொந்தக்காரர்கள். நம் லயத்து வீடுகளோடு அதை ஒப்பிட முடியாது. இருந்தாலும் சபாக்கில் தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவே வளர்ந்த என் போன்றவர்களுக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளையின் நாளைக் கற்பனை செய்வது கடினமன்று. சுற்றிலும் மரங்கள், தொலைவில் ஊர், ஏதாவது பழுதானால் வீட்டிலேயே பழுதுபார்க்கும் பழக்கம். தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கு ஆணியும் கம்பியும் விளையாட்டுப் பொருள்கள்.

எட்டு வயதில் அவருக்கு இடக்கண்ணில் கட்டி வந்தது. கண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். வாழ்நாள் முழுவதும் ஒற்றைக் கண்ணால் மயிரிழைபோன்ற கம்பிகளைப் பார்த்து வேலை செய்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் அவரைப் படைக்கு எடுக்காததற்கும் இந்தக் கண்தான் காரணம். அந்தப் போர்க்காலத்தில்தான் அவருடைய முதல் பிக்-அப் உருவானது என்பதை நினைக்கும்போது, இழந்த கண் அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பதின்மூன்று வயதில் ஜான் வெஸ்ட் என்னும் மாமா ஒரு பெட்டி அனுப்பினார். மாமாவுக்கு வண்டி மின்சாரப் பட்டறை இருந்தது. பெட்டிக்குள் வேண்டாத வானொலிப் பாகங்களும் பழைய பேட்டரியும் இருந்தன. சிறுவன் மாமாவின் பட்டறைக்குப் போனபோது, அங்கே மாமாவே செய்த வானொலி ஒன்று பெரிய ஒலிபெருக்கியோடு பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் வலிமை அவரை விட்டுப் போகவே இல்லை. வீட்டுக்கு வந்து வானொலிகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் தொடங்கினார்.

ஆனால் படித்தது என்ன தெரியுமா? கணக்கியல்! 1928இல் ஃபுலர்ட்டனில் உயர்நிலைப்பள்ளியை முடித்துவிட்டு அங்கிருந்த கல்லூரியில் கணக்கியல் கற்றார். மின்னியலில் அவருக்குப் பட்டம் கிடையாது. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். 1934இல் எஸ்தர் என்பவரை மணந்தார். நெடுஞ்சாலைத் துறையில் கணக்கராகச் சேர்ந்தார். பொருளாதார மந்தம் உலகை ஆட்டிய காலம் அது. அந்த வேலை போனது. டயர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார், ஆறே மாதத்தில் அதுவும் போனது. பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் நம் மூத்த மாணவர்கள் இந்த இடத்தைப் படித்தால் சிரிப்பார்களா, பெருமூச்சு விடுவார்களா என்று தெரியவில்லை.

1938இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுலர்ட்டனில் ஃபெண்டர் வானொலிப் பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார். சுங்கை புசாரிலும் சபாக்கிலும் நாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே, முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பிரித்துப் போட்ட வானொலிகளும் தொலைக்காட்சிகளும், நடுவில் குனிந்த தலையோடு ஒருவர், அப்படி ஒரு கடைதான். அக்கம்பக்கத்து இசைக்கலைஞர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளையும் ஹவாய் வகைக் கித்தார்களையும் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். பழுதுபார்ப்பவருக்கு ஒரு கல்வி கிடைக்கிறது. எது உடைகிறது, ஏன் உடைகிறது, கழற்ற முடியாமல் எது உயிரை வாங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஃபெண்டரின் கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்தக் கல்வியிலிருந்து வந்தவை என்பது என் கருத்து.

மின்கித்தாரை முதலில் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். 1930களின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் பீச்சம் காந்தப் பிக்-அப்போடு கூடிய கித்தாரை உருவாக்கினார். ரிக்கன்பேக்கர் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. பிக்-அப் வேலை செய்யும் விதம் நாம் படிவம் ஐந்து இயற்பியலில் படித்ததுதான். நிலைக்காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. கலையும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கினால் இசை. தத்துவம் எளிது. ஆனால் அதை ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில், மலிவாக, உடையாமல் செய்வது வேறு கலை.

டாக் காஃப்மன் என்னும் கலைஞரோடு கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் தம் முதல் பிக்-அப்பைச் செய்தார். 1944இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1948இல் அது கிடைத்தது. காஃப்மன் 1946இல் தொழிலின் கடன் சுமைக்கு அஞ்சி விலகிக்கொண்டார். ஃபெண்டர் தனியாகத் தம் பெயரில் மின்னிசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கினார்.

1950இல் வந்தது அவருடைய புகழ்பெற்ற கட்டைக் கித்தார். அதுவரை நல்ல கித்தார் என்றால் உட்புழையோடு கூடிய, தச்சர்கள் இழைத்து ஒட்டிய கருவி. ஃபெண்டர் ஒரு பலகையை அறுத்தார். கழுத்தை நான்கு திருகாணிகளால் அதில் பூட்டினார். அவ்வளவுதான்! கழுத்து கெட்டுப்போனால் திருகாணியைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டலாம். கித்தார் தயாரிப்பாளர்கள் ஏளனம் செய்தார்கள். இதற்கு பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார். அதை ஒத்த பெயரில் கிரெட்ச் நிறுவனம் ஏற்கெனவே முரசுகள் விற்றுவந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. 1951இல் அது டெலிகாஸ்டர் ஆனது. இடைப்பட்ட சில மாதங்களில் வெளியான கித்தார்களில் ஒட்டுத்தாளிலிருந்து பெயர்ப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. பெயரில்லாத அந்தக் கித்தார்களுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. அதே 1951இல் மின்பாஸ் கித்தாரும் வந்தது. ஆள் உயரப் பாஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. பிற்காலத்தில் நம் திரையிசையில் பாஸ் கித்தாருக்குக் கிடைத்த இடத்தை நினைத்துப் பாருங்கள். கித்தார் கலைஞராகவே இசையுலகில் வேலை தொடங்கியவர் இளையராஜா. அவருடைய பாடல்களில் பாஸ் கித்தார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும்.

1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. ஹவாய்க்காரரான ஃபிரெடி தவாரெஸ் வரைபடத்திலும், பில் கார்சன் போன்ற வாசிப்பாளர்கள் ஆலோசனையிலும் துணைநின்றார்கள். வாசிக்கத் தெரியாத ஃபெண்டர் வாசிப்பவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டார். டெலிகாஸ்டரின் கூர்மையான விளிம்பு விலாவைக் குத்துகிறது என்றார்கள். விளிம்பை இழைத்து வளைத்தார். எல்லாம் தெரிந்தவர் இப்படிக் கேட்டிருப்பாரா?

இனி நான் சொல்ல விரும்பும் சிறிய பகுதிக்கு வருகிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்-அப் எப்படிக் கட்டப்பட்டது? மேலும் கீழும் இரண்டு மெல்லிய தகடுகள். அவை வல்கனைஸ்டு ஃபைபர் என்னும் பொருளால் ஆனவை. தாளை வேதிமுறையில் இறுக்கிச் செய்த, பிளாஸ்டிக் போன்ற கடினத் தகடு. ஆறு காந்தக் கம்பிகள் இரண்டு தகடுகளையும் இணைத்து நிற்கும். அவற்றைச் சுற்றி 0.06 மில்லிமீட்டர் அளவே தடித்த செம்புக் கம்பி ஏறக்குறைய 8,000 சுற்று. இந்தச் சுருள்களைச் சுற்றியவர்களில் பலர் பெண்கள். மெக்சிக்க வழிவந்த அபிகெய்ல் இபாரா என்பவர் 1950களின் நடுவில் சேர்ந்து பல்லாண்டுகள் இவ்வேலையைச் செய்தார். அவர் கைபட்ட பிக்-அப்புகளை இன்று தேடி வாங்குகிறார்கள். தலைவர்களின் பெயரே கருவியில் இருக்கும். சுற்றிய கைகளின் பெயர் அரிதாகவே வெளியே தெரியும். பால்மரம் சீவிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கீழ்த்தகட்டின் இரு ஓரங்களிலும் துளைகள் உண்டு. கித்தாரின் முகத்திலுள்ள பிளாஸ்டிக் தகட்டிலிருந்து இரண்டு திருகாணிகள் இறங்கி இந்தத் துளைகளின் மரையில் பிடித்துக்கொள்ளும். இடையில் ரப்பர்க் குழாயோ சுருள்வில்லோ இருக்கும். திருகாணியைத் திருகினால் பிக்-அப் மேலே வரும். தளர்த்தினால் கீழே போகும். இது அழகுக்காகச் செய்த ஏற்பாடன்று. பிக்-அப் தந்திக்கு அருகே வந்தால் ஒலி வலுக்கும். அளவுக்கு மீறி அருகே வந்தால் காந்தம் தந்தியையே இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். அந்த ஓரிரு மில்லிமீட்டரில் ஒரு கலைஞனின் ஒலி இருக்கிறது. அதைத் தாங்கி நிற்பது என்ன? கீழ்த்தகட்டின் தடிப்பு சுமார் 2.4 மில்லிமீட்டர். ஃபெண்டர் பயன்படுத்திய திருகாணியில் ஓர் அங்குலத்துக்கு 32 மரைகள். கணக்குப் போட்டால், தகட்டுக்குள் மூன்றே மூன்று மரைகள்!

உலோகத்தில் மரை வெட்டுவது போலப் பிளாஸ்டிக்கில் வெட்ட முடியாது. துளைக்கருவியை வேகமாக ஓட்டினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி வழியும், துளை கோணலாகும். 6-32 எனப்படும் இந்தத் திருகாணிக்கு 2.7 மில்லிமீட்டர் துளை இட்டு, மரை வெட்டும் டேப்பைக் கையாலேயே நேராகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று பொறுமையாகத் திருக வேண்டும். பின்னே திருப்புவது சீவலை உடைத்து வெளியேற்றுவதற்காக. துளை பெரிதானால் மரை பிடிக்காது. சிறிதானால் தகடு விரியும். ஏற்கெனவே மரையுள்ள துளையில் திருகாணியைத் திரும்பப் போடும்போதும் ஒரு நுட்பம் உண்டு. முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்ப வேண்டும். பழைய மரையில் டக்கென்று விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகுதான் முன்னே திருக வேண்டும். இல்லாவிட்டால் திருகாணி புதிய பாதையை வெட்டிக்கொண்டு போகும். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்று மரைகளும் மாவாகிவிடும்.

எங்கள் ஊர் இசைக்குழு அண்ணன் ஒருவரின் பழைய கித்தாரில் நடு பிக்-அப் உள்ளே சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. பிரித்துப் பார்த்தால், யாரோ ஒருவர் கடையில் கிடைத்த 3 மில்லிமீட்டர் திருகாணியை அங்குல மரைக்குள் போட்டிருக்கிறார்! அது துளைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அங்குல மரையும் மெட்ரிக் மரையும் பார்வைக்கு அண்ணன் தம்பி. உள்ளே போனால் பகையாளிகள். அமெரிக்காவில் உருவான கித்தாருக்கு அங்குல மரை. ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யப்படும் பலவற்றுக்கு மெட்ரிக். கணினிப் பெட்டியின் மூடியைப் பூட்டும் திருகாணி பெரும்பாலும் இதே 6-32தான் என்பதை நம் கணினித்துறை நண்பர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். நீளம் போதாது, ஆனால் மரை எந்த வகை என்று சோதிக்க அது போதும். தளர்ந்த ஃபைபர்த் துளையில் மெல்லிய உடனடிப் பசையை ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் மீண்டும் மரை வெட்டினால் பிடித்துக்கொள்ளும். அண்ணனின் கித்தார் அப்படித்தான் பிழைத்தது.

ஃபெண்டரும் பிளாஸ்டிக்கோடு போராடியவர்தான். 1954இல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் பிக்-அப் மூடிகளும் குமிழ்களும் பாலிஸ்டைரீனால் செய்யப்பட்டவை. பளபளப்பாக இருந்தன, ஆனால் ஓரங்களில் உடைந்து தேய்ந்தன. சில ஆண்டுகளில் உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். முகத்தகட்டை முதலில் எட்டுத் திருகாணிகள் பிடித்திருந்தன. 1959இல் தகடு மூன்றடுக்காக மாறியபோது பதினொன்று ஆயின. தவற்றை மறைக்காமல் திருத்திக்கொண்டே போன நிறுவனம் அது.

அந்தக் கித்தாரின் ஒலி நம் மண்ணுக்கு எப்படி வந்தது? இங்கிலாந்தின் ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாசித்தார். கிளிஃப் ரிச்சர்டோடு அக்குழு 1961இல் சிங்கப்பூருக்கு வந்து போனபின், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இளைஞர்களின் கித்தார்க் குழுக்கள் மழைக்காலக் காளான்களாய் முளைத்தன. மலாய்க்காரர்கள் அவற்றைக் குகிரான் என்றார்கள். பாப் யே யே காலம் பிறந்தது. கர்நாடக இசைக்கும் மின்கருவி வந்துசேர்ந்தது. மின்மாண்டலினில் இராகங்களை இழைத்த யு. ஸ்ரீநிவாஸ் 2014இல் நம்மை விட்டுப் பிரிந்தார். அவருடைய தந்திகளுக்குக் கீழே இருந்ததும் காந்தமும் கம்பிச்சுருளும்தான்.

புகழ் உச்சியில் இருந்த நேரத்தில் ஃபெண்டரின் உடல் ஒத்துழைக்கவில்லை. 1950களிலிருந்தே ஒரு தொற்றுநோய் அவரை வாட்டியது. பிழைக்க மாட்டோம் என்று நம்பிவிட்டார். 1965 ஜனவரியில் நிறுவனம் 13 மில்லியன் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆனால் விற்றபின் வேறொரு மருத்துவர் சிகிச்சை தர, நோய் குணமாகிவிட்டது! கையில் பணம், உடலில் நலம். ஆனால் பெயர் இன்னொருவருடையது. தம் சொந்தப் பெயரில் ஒரு கித்தார் செய்ய அவருக்கு உரிமை இல்லை. பத்தாண்டுகள் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்றது ஒப்பந்தம்.

நானாக இருந்தால் அந்தப் பணத்தோடு ஓய்வு எடுத்திருப்பேன். அவர் காத்திருந்தார். 1975இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டு ஸ்டிங்ரே பாஸ் கித்தார் வந்தது. அங்கும் கருத்து வேறுபாடு வந்தது. 1979இல் மனைவி எஸ்தர் காலமானார். அறுபதுகளைக் கடந்து எழுபதைத் தொட்ட அந்த வயதில், பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுலர்ட்டனோடு ஜி அண்ட் எல் என்னும் நிறுவனத்தை மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார். அங்கே அவர் செய்த பிக்-அப்பில் காந்தம் அடியில் படுத்திருக்கும். அதன்மேல் நிற்கும் ஒவ்வோர் இரும்பு முனையையும் சிறு சாவியால் தனித்தனியே திருகி ஏற்றலாம், இறக்கலாம். 1954இல் பிக்-அப் முழுவதையும் இரண்டு திருகாணிகள் தூக்கின. இப்போது தந்திக்கு ஒரு திருகாணி! இத்தனை ஆண்டுகளாக அந்த மில்லிமீட்டரை அவர் மறக்கவில்லை.

நம்மில் பலருக்குக் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு நினைவுக்கு வரலாம். 1893இல் பிறந்து 1974இல் மறைந்த அவரும் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துச் சேர்த்துத்தான் பொறியியலைக் கற்றார். அத்தகையவர்களைப் பாடநூலில் புகழ்கிறோம். வீட்டில் ஒரு தம்பி பள்ளி முடித்துப் பட்டறைக்குப் போகிறேன் என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம். ஏன் என்று இந்த மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும். அவர்களில் பலர் இன்று பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கிறார்கள்.

பிற்காலத்தில் ஃபெண்டருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியது, பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் தம் 81ஆம் வயதில் காலமானார். அதற்கு முந்தைய நாளும் வேலைக்குப் போயிருந்தார். மறு ஆண்டு, ராக் இசைப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஃபுலர்ட்டனில் அவருடைய பணியறை பல ஆண்டுகள் அவர் விட்டுச் சென்றபடியே வைக்கப்பட்டிருந்தது: மேசை, கருவிகள், முடியாத வேலைகள்.